நொய்யலுக்கு எந்த டேட்டாபேஸ்?

மேப் டேட்டாவை எந்த டேட்டாபேஸ்ல வைக்கலாம்னு யாராவது கேட்டா, "அதுகிட்ட என்ன கேக்கப் போறீங்க?"ன்னு திருப்பிக் கேளுங்க. இன்னைக்கு நொய்யலை வெச்சே இதைப் பேசுவோம்.

வெள்ளியங்கிரி மலையில பிறந்து, கோவை, திருப்பூர் வழியா ஓடி, கரூர் மாவட்டத்துல காவிரியில கலக்கிற ஆறு இது. பாசனத்துக்காக 1992ல ஒரத்துப்பாளையம் அணை வந்துச்சு. ஆனா அதுல தேங்கினது திருப்பூர் சாயக்கழிவு. சுத்தியிருந்த கிணத்துத் தண்ணி உப்பாச்சு. விவசாயிகள் வருஷக்கணக்கா வழக்கு நடத்தினாங்க. 2011 ஜனவரியில சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு.

இப்போ பாதிக்கப்பட்ட கிணறுகளைப் பட்டியல் போடணும்னு வைங்க. ரெண்டு கேள்வி வரும். ஆத்துக்குப் பக்கத்துல எந்தெந்தக் கிணறு? தண்ணி எந்தப் பக்கம் வடியுது?

முதல் கேள்விக்கு சாதாரண இன்டெக்ஸ் பத்தாது. பி-ட்ரீ எல்லாத்தையும் ஒரே வரிசையில அடுக்கும். பில் நம்பருக்கு அது போதும். அட்சரேகையை அப்படி அடுக்கினா, திருப்பூரைத் தேடும்போது அரியலூரும் கூடவே வந்து நிக்கும். 1984ல ஆன்டனின் கட்மன் ஆர்-ட்ரீயை அறிமுகப்படுத்தினார். பனியன் பாலிபேக்ல, பாலிபேக் கார்ட்டன்ல, கார்ட்டன் கன்டெய்னர்ல போற மாதிரி, பக்கத்துப் பக்கத்து இடங்களைப் பெட்டிக்குள்ள பெட்டியா வைக்கிற முறை. தேவையில்லாத பெட்டியைத் திறக்கவே வேண்டாம். 2001ல கனடாவில் உருவான போஸ்ட்ஜிஐஎஸ், இந்த வசதியை போஸ்ட்கிரெஸ்ல இலவசமா கொடுத்துச்சு.

ரெண்டாவது கேள்விக்கு நிலத்தோட உயரம் தெரியணும். 2000 பிப்ரவரியில எண்டவர் விண்கலம் 11 நாள்ல, உலக நிலப்பரப்புல சுமார் 80 சதவீதத்தை ரேடார்ல அளந்துச்சு. கிடைச்சது கட்டம் கட்டமா உயர எண்கள். ஒரு கட்டத்துத் தண்ணி, சுத்தியுள்ள 8 கட்டங்கள்ல அதிகம் சரியிற பக்கம் போகும்னு கணக்குப் போடுற முறையும் 1984லயே வந்தாச்சு. 2012லிருந்து போஸ்ட்ஜிஐஎஸ்லயே இந்தக் கட்டங்களை வைக்கலாம். ஆனா ஜியோடிஃப் ஃபைலா வெச்சு, கியூஜிஐஎஸ்ல ஒருமுறை கணக்குப் போட்டு, வடிநில எல்லையை மட்டும் டேட்டாபேஸ்ல ஏத்துறது சுலபம்.

தூரத்தை மட்டும் பார்த்தா, ஆத்துக்குத் தள்ளி பள்ளத்துல இருக்கிற ஒரு விவசாயி பட்டியல்லயே வராம போயிடலாம். சரிவை மட்டும் நம்பினாலும் தப்பு. நிலத்தடி நீர் போற வழியை உயரப் படம் முழுசா சொல்லாது. அதனால கிணத்துத் தண்ணியைச் சோதிச்ச உப்பு அளவு, தேதி ரெண்டும் அந்தக் கிணத்தோட புள்ளியிலயே இருக்கணும். இந்த மூணையும் ஒரே கேள்வியில சேர்த்துப் பார்க்க விடுறதாலதான் நொய்யலுக்கு என் ஓட்டு போஸ்ட்ஜிஐஎஸ்.