இரண்டெழுத்தில் ஊரும் தந்தையும்

நம் கோணமாநகரிற் பிறந்த தமிழறிஞர் தி. த. கனகசுந்தரம்பிள்ளையை (1863–1922) மூத்தோர் நன்கறிவர். அவர் தம்பி தி. த. சரவணமுத்துப்பிள்ளையை அறிந்த இளைஞரோ சிலரே. 1895இல் ‘மோகனாங்கி’யை வெளியிட்டவர் அவர். தமிழின் முதல் வரலாற்று நாவல் அதுவே என்பர். 1902இல், நாற்பது வயதும் நிரம்புமுன், மறைந்தார்.

தம் பாட்டனாரைப் பழைய பத்திரிகைகளில் தேடப் புகும் இளைஞர்க்கு இச்சகோதரர் பெயர்களே நல்ல பாடம். ‘தி’ என்பது திருகோணமலை. ‘த’ என்பது தந்தையார் தம்பிமுத்துப்பிள்ளை. இரண்டெழுத்தில் ஊரும் தந்தையும் அடங்கிவிட்டன! ஆயினும் அண்ணனுக்கும் தம்பிக்கும் அவையே எழுத்துக்கள். முதலெழுத்தை மட்டும் நம்பினால் ஒருவர் வாழ்வை மற்றவர்க்கு எழுதிவிடுவோம். ஊர்ப்பெயரும் ‘திரிகோணமலை’ என அச்சாவதுண்டு.

1841இல் தோன்றிய ‘உதயதாரகை’, 1889இல் தோன்றிய ‘இந்து சாதனம்’ ஆகிய யாழ்ப்பாணத்து ஏடுகளை நாமும் புரட்டவேண்டும். ஆங்கே தமிழ் வருடப் பெயர் கண்டால் அவசரப்படலாகாது. மன்மத வருடம் 1895இலும் பிறந்தது, 1955இலும் பிறந்தது, 2015இலும் பிறந்தது.

மரண அறிவித்தல்களே பெரும் புதையல். மக்கள், மருமக்கள், உடன்பிறந்தார் எல்லோரும் ஒரே பத்தியில் நிற்பர். பெண்கள் மட்டும் பெரும்பாலும் ‘இன்னாரின் மனைவி’ என்றே நிற்கின்றனர். பாட்டனாரைப் பத்திரிகை தந்துவிடும். ஆச்சியின் பெயரை வீட்டு மூத்தோரிடம் இப்பொழுதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.