சார்ஜர் வயரின் சரித்திரம்

செல்போனுக்கு எந்தச் சார்ஜர் வயர் நல்லது என்று ஆராய்ந்து வாங்கவேண்டிய நிர்ப்பந்தம் இருபது வருஷத்துக்கு முன் எவருக்கும் இருந்ததில்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் போனுக்கென்று பிரத்தியேகமான முனையொன்றை வகுத்து, வயரையும் பெரும்பாலும் சார்ஜரோடு பிரிக்கவொண்ணாதபடி சேர்த்தே விற்ற அக்காலத்தில், எது பொருந்துகிறதோ அதுவே உத்தமமான வயர். ஐரோப்பாவில் மட்டும் முப்பது வகைக்கு மேல் புழங்கி வீடெங்கும் சார்ஜர் குவிந்ததால், 2009 ஜூனில் பத்துக் கம்பெனிகள் மைக்ரோ யுஎஸ்பி என்னும் பொது முனைக்குச் சம்மதித்தன.

யுஎஸ்பியோ போனுக்காகப் பிறந்ததே அல்ல. இன்டெலில் அஜய் பட் முதலானோர் உழைத்து உருவாக்கிய அது 1996இல் வெளிவந்தபோது, கீபோர்டு, மௌஸ் முதலியவற்றைக் கம்ப்யூட்டரோடு இணைப்பதே பிரதான உத்தேசம். 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட், அந்தக் காரியத்துக்குத் தாராளம். 2014இல் வந்த டைப்-சி, எப்படித் திருப்பினாலும் நுழையும் சௌகரியத்தோடு போனுக்கும் லேப்டாப்புக்கும் ஒரே வாயை அளித்தது. வாங்குகிறவனுக்குச் சங்கடம் தொடங்கியதும் அங்கேதான். பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் இரண்டு வயர்களில் ஒன்று 3 ஆம்பியரையே தாங்கும், மற்றது 5 ஆம்பியரைத் தாங்கும்; பின்னதன் முனைக்குள் அதன் யோக்கியதையைச் சார்ஜருக்கு அறிவிக்கும் சிறு சிப் ஒன்று உண்டு, அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

டைப்-சி வயர்களைத் துணிந்து சோதித்தவர் கூகுள் இன்ஜினீயர் பென்சன் லியூங். பழைய யுஎஸ்பி துவாரத்தில் செருகும் டைப்-சி வயரில் 56 கிலோ ஓம் மின்தடை இருக்கவேண்டும் என்பது விதி. அவ்விடத்தில் 10 கிலோ ஓமை வைத்துவிட்டால், எதிரே 3 ஆம்பியர் தரவல்ல சார்ஜர் இருப்பதாக நம்பிப் போனானது சக்தியற்ற துவாரத்திலிருந்தும் அவ்வளவையும் இழுக்கப் பார்க்கும். இத்தகைய வயர்களை 2015 முதல் காசு கொடுத்து வாங்கி அவர் பரீட்சித்துவந்தார். 2016 தொடக்கத்தில் மின்சார இழையும் தரை இழையும் இடம் மாறிப் பற்றவைக்கப்பட்ட ஒரு வயர் அவருடைய லேப்டாப்பையே பழுதாக்கிவிட்டது. அவ்வருஷம் மார்ச்சில், விதிக்கு உட்படாத டைப்-சி வயர்களை விற்க அமேசான் தடை விதித்தது.

ஐரோப்பியச் சட்டம் 2024 டிசம்பர் 28 முதல் புதிய போன்களுக்கு டைப்-சியைக் கட்டாயமாக்கியது. லேப்டாப்புகளுக்கு 2026 ஏப்ரல் 28 என்று நாள் குறித்தது. முனையைத்தான் சட்டம் ஒன்றாக்கிற்று; உள்ளே ஓடும் செம்பின் கனத்தைப் பற்றி, மேலே பின்னிய பகட்டான நைலான் உறையும் ஒன்றும் சொல்லாது. ஆகையால் வயர் வாங்கும் வாசகர்கள், உறையின் மினுக்கை விட்டு, 60 வாட் (3 ஆம்பியர் வயர்) அல்லது 240 வாட் (5 ஆம்பியர் வயர்) என்ற அங்கீகார முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நலம். லேப்டாப்புக்கென்றால் 240 வாட் வயரையே கேளுங்கள்.