கலைந்த குழுவின் கடைசி ஆல்பம்: ‘ஒடஸி அண்ட் ஆரக்கிள்’ உருவானதும் ஏற்கப்பட்டதும்

முன்னுரை

1968 ஏப்ரல் 19 அன்று சி.பி.எஸ். நிறுவனம் இங்கிலாந்தில் ‘ஒடஸி அண்ட் ஆரக்கிள்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டது. அதை உருவாக்கிய ‘தி ஜாம்பீஸ்’ குழு அப்போது இல்லை. சில மாதங்களுக்கு முன்பே கலைந்துவிட்டது. அன்றைய பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் அந்த ஆல்பத்துக்கு இடம் கிடைக்கவில்லை. 2003இல் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் தொகுத்த தலைசிறந்த 500 ஆல்பங்களின் வரிசையிலோ அது 80ஆம் இடத்தில் இருந்தது.

இந்த இரண்டு நிலைகளுக்கும் இடைப்பட்ட வரலாற்றை, காலம் தாழ்த்திக் கண்டுகொள்ளப்பட்ட மேதைமை என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அந்த விளக்கம் போதாது. ஆல்பத்தின் கடைசிப் பாடலான ‘டைம் ஆஃப் த சீசன்’ 1969இலேயே அமெரிக்காவில் பெருவெற்றி கண்டது. ஆல்பம் முழுமையாகக் கேட்கப்பட்டது அதற்கு ஒரு தலைமுறைக்குப் பிறகுதான். பாடல் ஏற்கப்பட்ட வரலாறு வேறு, ஆல்பம் ஏற்கப்பட்ட வரலாறு வேறு. ஒவ்வொன்றையும் முன்னெடுத்த மனிதர்களும் ஊடகங்களும்கூட வேறு. இவ்விரண்டையும் பிரித்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. குழுவின் பின்னணி

லண்டனுக்கு வடக்கே ஹார்ட்ஃபர்ட்ஷயர் மாவட்டத்தில் உள்ள தேவாலய நகரம் செயின்ட் ஆல்பன்ஸ். 1960களின் தொடக்கத்தில் அங்கே பள்ளி மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய குழுதான் ஜாம்பீஸ். ராட் ஆர்ஜென்ட் விசைப்பலகை வாசித்தார். காலின் பிளன்ஸ்டோன் பாடினார். பால் அட்கின்சன் கிதாரும் ஹியூ கிரண்டி டிரம்ஸும் வாசித்தனர். சற்றுப் பின்னர் சேர்ந்த கிறிஸ் வைட் பேஸ் கிதாரை ஏற்றார். ஆர்ஜென்ட் சிறுவயதில் செயின்ட் ஆல்பன்ஸ் பேராலயப் பாடகர் குழுவில் பாடியவர். பல குரல்களை அடுக்கிப் பாடும் தேவாலயப் பயிற்சி, குழுவின் ஒலியில் கடைசிவரை தெரிந்தது.

1964இல் வட்டார இசைப்போட்டி ஒன்றில் வென்றதை அடுத்து டெக்கா நிறுவனம் அவர்களை ஒப்பந்தம் செய்தது. அதே ஆண்டில் வந்த முதல் தனிப்பாடல் தட்டு ‘ஷீஸ் நாட் தேர்’ பிரிட்டனில் 12ஆம் இடத்தையும் அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் 2ஆம் இடத்தையும் எட்டியது. 1965இல் ‘டெல் ஹர் நோ’ அமெரிக்காவில் 6ஆம் இடம் பெற்றது. பிறகு வந்த தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. தயாரிப்பாளர் கென் ஜோன்ஸ் இறுதிக் கலவையைச் செய்த விதத்தில் ஆர்ஜென்டுக்கும் வைட்டுக்கும் நிறைவில்லை. தாங்கள் கூடத்தில் கேட்ட அழுத்தம் தட்டில் இல்லை என்பது அவர்கள் குறை.

இத்துடன் பொருளாதாரப் பிளவும் இருந்தது. பாடல் எழுதிய ஆர்ஜென்டுக்கும் வைட்டுக்கும் உரிமத்தொகை வந்துகொண்டிருந்தது. மற்ற மூவரும் மேடைக் கச்சேரி வருமானத்தையே நம்பியிருந்தார்கள். 1967இல் அந்த வருமானம் சுருங்கிவிட்டது. ஆகவே, சி.பி.எஸ். நிறுவனத்தோடு புதிய ஒப்பந்தம் செய்தபோது ஐவரின் நிலையும் ஒன்றாக இல்லை. குழு கலைவதற்கு முன் தங்கள் பாடல்களைத் தாங்களே தயாரித்து ஓர் ஆல்பமாவது செய்துவிட வேண்டும் என்று இரு பாடலாசிரியர்களும் விரும்பினர். நிறுவனம் அதற்கு ஒதுக்கிய தொகை 1000 பவுண்டு.

2. ஒலிப்பதிவு: சிக்கனமும் தொழில்நுட்பமும்

1967 ஜூனில் லண்டன் அபே ரோட்டில் உள்ள ஈ.எம்.ஐ. கூடத்தில் பதிவு தொடங்கியது. இடையில் ஒலிம்பிக் கூடத்தில் சில பாடல்கள் பதிவாயின. நவம்பரில் மீண்டும் அபே ரோட்டிலேயே பணி முடிந்தது. பீட்டில்ஸ் தங்கள் ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ ஆல்பத்தை அங்கே முடித்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. அதில் பணியாற்றிய ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமெரிக்கும் அவரோடு பீட்டர் வின்ஸும் ஜாம்பீஸின் பதிவுகளைக் கவனித்தார்கள்.

கூடத்தில் அப்போது ஒரு மெல்லோட்ரான் இருந்தது. வயலின், புல்லாங்குழல் போன்றவற்றின் ஒலியை நாடாக்களில் பதித்து, விசையை அழுத்தும்போது ஒலிக்கச் செய்யும் கருவி அது. ஜான் லெனன் விட்டுச்சென்ற மெல்லோட்ரான் அது என்று ஆர்ஜென்ட் பல நேர்காணல்களில் கூறியிருக்கிறார். வாத்தியக் குழு ஒன்றை அமர்த்தப் பணமில்லாத ஐவருக்கு இந்தக் கருவியே அந்தக் குழுவின் இடத்தை நிரப்பியது. ‘ஹங் அப் ஆன் எ ட்ரீம்’, ‘சேஞ்சஸ்’ ஆகிய பாடல்களின் நிறம் பெருமளவு அதிலிருந்தே வருகிறது.

பீட்டில்ஸ் அதே கூடத்தில் மாதக்கணக்கில் சோதனை செய்து பார்த்தார்கள். ஜாம்பீஸுக்கு அந்த வசதி இல்லை. எனவே பாடல்களை வெளியே முழுமையாக ஒத்திகை பார்த்துவிட்டே கூடத்துக்குள் வந்தனர். அடிப்படை இசை விரைவாகப் பதிவாகும். மீதி நேரம் குரல்களை அடுக்குவதற்குச் செலவாகும். நான்கு தடப் பதிவுக்கருவியில் தடங்கள் நிரம்பியதும் அவற்றை ஒன்றாகக் கலந்து வேறு நாடாவுக்கு மாற்றி, புதிய தடங்களில் இன்னொரு குரல் வரிசையைச் சேர்ப்பார்கள். இந்த ஆல்பத்தில் தேவையற்ற ஒரு சுரம்கூட இல்லை என்று கேட்பவருக்குத் தோன்றுவதற்கு இந்த நெருக்கடி ஒரு முக்கியக் காரணம். பணமின்மை கலையை வளர்க்கும் என்ற பொதுவிதியை இதிலிருந்து பெற முடியாது. உலகின் மிகச் சிறந்த கூடங்களில் ஒன்றும், அதன் உச்சத்தில் இருந்த பொறியாளர்களும் கையெட்டும் தூரத்தில் இருந்ததால்தான் அந்தச் சிக்கனம் பலன் தந்தது.

மோனோ கலவை முடிந்த பிறகு சி.பி.எஸ். ஸ்டீரியோ கலவையும் கேட்டது. ஒதுக்கிய தொகை தீர்ந்துவிட்டதால் ஆர்ஜென்டும் வைட்டும் தங்கள் உரிமத்தொகையிலிருந்து 200 பவுண்டு செலவிட்டனர். அப்போது ஒரு சிக்கல் எழுந்தது. ‘திஸ் வில் பி அவர் இயர்’ பாடலுக்குக் கென் ஜோன்ஸ் சேர்த்த ஊதுகருவிகள் மோனோ கலவையின்மீதே நேரடியாகப் பதிவாகியிருந்தன. பல்தட நாடாவில் அவை இல்லை. அதனால் அந்தப் பாடலுக்கு மட்டும் செயற்கை ஸ்டீரியோவே கிடைத்தது. மறுபதிப்புகளை ஒப்பிடும் ஆய்வாளர் முதலில் கவனிக்க வேண்டிய இடம் இது.

3. பாடல்களின் இயல்பு

பன்னிரண்டு பாடல்களில் ஏழு வைட் எழுதியவை; ஐந்து ஆர்ஜென்ட் எழுதியவை. 1967ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பாப் இசை கனவுநிலைக் காட்சிகளிலும் விசித்திரச் சொற்சேர்க்கைகளிலும் திளைத்தது. இந்த ஆல்பத்தின் பெரும்பாலான பாடல்களோ மனிதர்களைப் பற்றிய சிறுகதைகள். ‘கேர் ஆஃப் செல் 44’ சிறையிலிருந்து விடுதலையாகப்போகும் பெண்ணுக்கு அவளது காதலன் எழுதும் கடிதம். மெட்டு துள்ளலானது, காத்திருப்பின் மகிழ்ச்சியைப் பாடல் முழு மனதோடு சொல்கிறது. வில்லியம் ஃபாக்னரின் கதைத் தலைப்பைக் கொண்ட ‘எ ரோஸ் ஃபார் எமிலி’யில் பியானோவும் குரல்களும் மட்டுமே உள்ளன. யாராலும் நேசிக்கப்படாமல் முதுமை அடையும் ஒருத்தியின் தனிமைக்கு அந்த வெறுமை பொருந்துகிறது. ‘பீச்வுட் பார்க்’ ஹார்ட்ஃபர்ட்ஷயரில் உண்மையாகவே உள்ள ஓரிடத்தின் பெயர்.

‘புச்சர்ஸ் டேல்’ முதல் உலகப் போரின் மேற்குப் போர்முனையில் நிற்கும் ஓர் இறைச்சிக்கடைக்காரரின் வாக்குமூலம். காற்றழுத்தி வாசிக்கும் பழைய ஆர்கனின் முனகலோடு வைட்டே அதைப் பாடினார். பிளன்ஸ்டோனின் மென்குரலில் பழகிய காதுக்கு, வைட்டின் பயிற்சியற்ற, நடுங்கும் குரல் அதிர்ச்சி தருகிறது. அஞ்சி ஒடுங்கிய சிப்பாய்க்கு அதைவிடச் சரியான குரல் அந்தக் குழுவில் இல்லை.

‘டைம் ஆஃப் த சீசன்’ ஆல்பத்தின் மற்ற பாடல்களிலிருந்து விலகி நிற்கிறது. அதில் கதை இல்லை. பேஸ் கிதாரின் திரும்பத் திரும்ப வரும் சொற்றொடர், கைத்தட்டு, மூச்சொலி, இரண்டு ஆர்கன் தனிவாசிப்புகள் ஆகியவற்றால் கட்டப்பட்ட பாடல். தனித்து ஒலிக்கும்போதும் முழுமையாக நிற்கக்கூடியது. இந்த இயல்பே பின்னர் அதன் வரலாற்றை ஆல்பத்திலிருந்து பிரித்தது.

4. வெளியீடும் கலைவும்

‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் மைன்’, ‘கேர் ஆஃப் செல் 44’ ஆகிய இரண்டும் 1967 இலையுதிர் காலத்தில் தனித்தட்டுகளாக வந்து தோற்றன. இரண்டாவது தட்டின் தோல்வி முடிவை விரைவுபடுத்தியது. ஆண்டு இறுதியில் குழு கலைந்தது. சண்டையிட்டுப் பிரியவில்லை, பிழைப்புக்கு வழி தேடிப் பிரிந்தார்கள். பிளன்ஸ்டோன் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலைக்குச் சேர்ந்தார். ஆர்ஜென்டும் வைட்டும் அடுத்த குழுவைத் திட்டமிட்டார்கள்.

அட்டைப்படத்தை வைட்டின் நண்பரான ஓவியர் டெரி குவிர்க் வரைந்தார். ஆங்கிலத் தலைப்பில் ‘ஒடஸி’ என்ற சொல்லில் நேர்ந்த எழுத்துப்பிழை கண்ணில் பட்டபோது திருத்தக் காலம் கடந்திருந்தது. ஆல்பம் கடைக்கு வந்தபோது அதை மேடையில் பாடவோ வானொலிக்குச் சென்று பேசவோ குழு இல்லை. அன்றைய பிரிட்டனில் இசைத்தட்டின் விற்பனை கச்சேரிகளையும் தொலைக்காட்சியில் முகம் காட்டுவதையும் நம்பியிருந்தது. தரக்குறைவோ ரசனைக்குறைவோ இந்தத் தோல்விக்குக் காரணம் அல்ல. ஆல்பத்தைக் கேட்பவரிடம் கொண்டுசேர்க்க ஆள் இல்லாமற்போனதே காரணம்.

5. அமெரிக்காவில் பாடலின் வெற்றி

அந்த ஆளாக வந்தவர் ஆல் கூப்பர். பாப் டிலனின் பதிவுகளில் ஆர்கன் வாசித்துப் புகழ்பெற்ற அவர், 1968இல் கொலம்பியா நிறுவனத்தில் தயாரிப்பாளராக இருந்தார். லண்டனிலிருந்து வாங்கிவந்த இசைத்தட்டுகளுள் இந்த ஆல்பத்தைக் கேட்டு வியந்து, இதை வெளியிட்டே ஆக வேண்டும் என்று நிறுவனத் தலைவர் கிளைவ் டேவிஸிடம் வற்புறுத்தினார். அமெரிக்க உரிமை ஏற்கெனவே கொலம்பியாவிடமே இருந்தது. வெளியிடும் எண்ணம்தான் இல்லை. கூப்பரின் வற்புறுத்தலால் ‘டேட்’ என்ற துணை நிறுவனத்தின் பெயரில் ஆல்பம் வெளிவந்தது.

நிறுவனம் முதலில் தனித்தட்டாகத் தேர்ந்தெடுத்தது ‘புச்சர்ஸ் டேல்’. வியட்நாம் போர் உச்சத்தில் இருந்ததால் போர்ப்பாடல் விலைபோகும் என்ற கணக்கு அது; பலிக்கவில்லை. பிறகு வந்த ‘டைம் ஆஃப் த சீசன்’ வானொலி நிலையங்கள் வழியாக மெல்லப் பரவி, 1969 மார்ச்சில் பில்போர்டு பட்டியலில் 3ஆம் இடத்தை எட்டியது. ஆல்பமோ 95ஆம் இடத்தைத் தாண்டவில்லை. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தொலைவு முக்கியமானது. அமெரிக்கக் கேட்பவர்கள் ஏற்றுக்கொண்டது ஒரு பாடலை; பன்னிரண்டு பாடல்களின் கோவையை அல்ல.

பாடலின் புகழ் படைத்தவர்களை விட்டுத் தனியே ஓடியதற்கு வலுவான சான்று போலிக் குழுக்கள். உண்மையான ஜாம்பீஸ் மேடையில் இல்லாததைப் பயன்படுத்தி, மிச்சிகனைச் சேர்ந்த ஒரு நிறுவனம் அதே பெயரில் வேறு இளைஞர்களை அமெரிக்க மேடைகளில் ஏற்றியது. அவர்களுள் இருவர் பின்னாளில் ‘இசட் இசட் டாப்’ குழுவால் புகழ்பெற்ற டஸ்டி ஹில், ஃபிராங்க் பியர்ட். மீண்டும் இணையும்படி வந்த அழைப்புகளை உண்மையான குழு ஏற்கவில்லை. ஆர்ஜென்ட் தன் பெயரிலேயே அமைத்த புதிய குழுவில் ஈடுபட்டிருந்தார். கையில் வந்த பெரும்பணத்தைவிடத் தொடங்கிய வேலையை மதித்த அந்த முடிவு போற்றத்தக்கது.

6. ஆல்பத்தின் மறுவரவு

1980களிலும் 1990களிலும் ஆல்பம் மறுபதிப்புகளாக வந்தது. 1997இல் வெளிவந்த ‘ஜாம்பி ஹெவன்’ பெருந்தொகுப்பு கைவிடப்பட்ட பதிவுகளையும் ஆவணக் குறிப்புகளையும் ஒருசேரத் தந்தது. இந்தக் கட்டத்தில் ஆல்பத்தை முன்னெடுத்தவர்கள் வானொலி நிலையத்தார் அல்லர். இசைக்கலைஞர்களும் பழைய இசைத்தட்டுச் சேகரிப்பாளர்களும். பால் வெல்லர் இதைத் தமக்கு மிகப் பிடித்த ஆல்பங்களுள் ஒன்றாகத் தொடர்ந்து குறிப்பிட்டார். எலியட் ஸ்மித் ‘கேர் ஆஃப் செல் 44’ஐ மேடைகளில் பாடினார். அவர்கள் பேசியது முதன்மையாக ஆல்பத்தின் முதல் பாடலான அதையும் முழுக்கோவையையும் பற்றி. வெற்றிப்பாடலைப் பற்றி அல்ல.

2008 மார்ச்சில் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயர் அரங்கில் முழு ஆல்பமும் முதன்முறையாக மேடையேறியது. 2004இல் மறைந்த அட்கின்சன் தவிர மற்ற நால்வரும் வாசித்தனர். தட்டில் அடுக்கடுக்காக உள்ள விசைப்பலகைப் பகுதிகளை மேடையில் கொண்டுவர, அமெரிக்க இசைக்கலைஞர் பிரையன் வில்சனின் குழுவில் வாசித்த டேரியன் சஹனாஜா துணைநின்றார். வில்சனின் ‘பெட் சவுண்ட்ஸ்’ ஆல்பத்தைத் தங்கள் முன்மாதிரிகளுள் ஒன்றாகக் கருதியவர்களுக்கு அது பொருத்தமான துணை. 2019 மார்ச்சில் குழு ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டது.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, ஆல்பம் ஏற்கப்பட்ட வரலாறு ஒரே நேர்கோடு அன்று. 1969இல் வானொலி ஒரு பாடலை உயர்த்தியது. அந்த வெற்றி ஆல்பத்தைக் கேட்கவைக்கவில்லை. மறுபதிப்பும் சக கலைஞர்களின் பரிந்துரையும் சேர்ந்தபோதுதான் ஆல்பம் தன் இடத்தைப் பெற்றது. இரண்டாவது, ‘காலம் அங்கீகரித்தது’ என்று எழுதும்போது உழைத்தவர்களின் பெயர்கள் மறைந்துபோகின்றன. கூப்பரின் பிடிவாதம், நாடாக்களைத் தேடித் தொகுத்தவர்களின் பொறுமை, சொந்தப் பணத்தில் ஸ்டீரியோ கலவை செய்த இருவரின் அக்கறை ஆகியவற்றில் எது குறைந்திருந்தாலும் இந்த வரலாறு வேறுவிதமாக முடிந்திருக்கும். பாப் இசை வரலாற்றை எழுதுவோர் பட்டியல் எண்களோடு இந்த இடைநிலை உழைப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். அதே தரத்தோடு செய்யப்பட்டும் அப்படியொரு உழைப்பாளி வாய்க்காததால் கேட்கப்படாமலே கிடக்கும் ஆல்பங்களைத் தேட, அந்த அணுகுமுறையே வழி திறக்கும்.