ஒரு பிடியின் பயணம்

2017 மே 26, சிங்கப்பூர் உள்ளரங்கு. வன் சாம்பியன்ஷிப் என்ற கலப்புத் தற்காப்புக் கலை அமைப்பின் பட்டத்துக்காக மோதினார் கோலாலம்பூர்த் தமிழ் இளைஞர் அகிலன் தானி. அதுவரை தோல்வி காணாதவர். எதிரே நின்ற சாம்பியன் பென் அஸ்க்ரன், 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக இறங்கிய மல்யுத்த வீரர். முதல் சுற்றிலேயே அகிலனைத் தரையில் சாய்த்து, கை முக்கோணப் பிடியால் கழுத்தை இறுக்கி, இரண்டரை நிமிடத்துக்குள் சண்டையை முடித்துவிட்டார்.

சாய்த்தது மல்யுத்தம். முடித்த பிடி வேறு வழியாக வந்தது; ஒலிம்பிக் மல்யுத்தத்தில் கழுத்தை நெரிக்க அனுமதியே இல்லை.

ஜிகோரோ கானோ 1882இல் டோக்கியோவில் தொடங்கிய ஜூடோவில் இந்தப் பிடியின் பெயர் 'கத்தா கத்தாமே'. எதிராளியை மல்லாத்தி அசையவிடாமல் வைக்கும் பிடி. கானோவின் பள்ளியில் பயின்ற மிட்சுயோ மயேடா 1914இல் பிரேசில் போய்ச் சேர்ந்தார். அங்கே அந்தக் கலையைக் கற்ற கிரேசி குடும்பத்தார், தரைச் சண்டையையே தங்கள் முழு வேலையாக எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் வளர்த்த பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் இந்தப் பிடி சண்டையை முடிக்கும் ஆயுதமானது.

பிடி வேலை செய்யும் விதம் இதுதான். எதிராளியின் ஒரு கையையும் கழுத்தையும் சேர்த்து வளைத்து அணைக்க வேண்டும். கழுத்தின் ஒரு பக்க இரத்தக்குழாயை அவருடைய தோளே அழுத்தும். மறுபக்கத்தை நம் கை அழுத்தும். பிறகு பக்கவாட்டில் இறங்கி, தலையைத் தரையோடு தாழ்த்தி, நெஞ்சின் பாரத்தைக் கொடுத்தால் போதும். மூளைக்குப் போகும் இரத்தம் குறைந்து, சில நொடிகளில் நினைவு தப்பும்.

1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வரில் நடந்த முதல் யுஎஃப்சி கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டியில், ஏறத்தாழ 80 கிலோ எடையுள்ள ரோய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூவரை வென்றபோது உலகம் வியந்தது. இன்று எல்லா வீரரும் தரைச் சண்டை கற்கிறார்கள். ஆகவே ஜியு-ஜிட்சுவின் காலம் முடிந்தது என்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. 2010இல் மல்யுத்தத்திலிருந்து வந்த ப்ரொக் லெஸ்னர், ஷேன் கார்வினை வென்றது இதே பிடியால். 2022 அக்டோபரில் அபுதாபியில், ஜியு-ஜிட்சு கறுப்புப் பட்டி வீரரான சார்ல்ஸ் ஒலிவேராவையே சாம்போ என்ற ரஷ்யத் தற்காப்புக் கலையில் வளர்ந்த இஸ்லாம் மக்காச்சேவ் இதே பிடியால் பணியவைத்தார். ஒரு கலை எதிர்முகாமின் கைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது என்றால், அது பொதுச் சொத்தாகிவிட்டது என்றே பொருள்.

கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளைகளைக் கராத்தே வகுப்புக்கு அனுப்பும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: அடியும் உதையும் கற்ற பிள்ளை தரைச் சண்டையையும் கற்கட்டும். ஆனால் காணொளி பார்த்து வீட்டில் கழுத்துப் பிடி பழக விடாதீர்கள். எதிராளி தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்டிய கணமே பிடியை விட வேண்டும் என்பதை முதல் பாடமாகச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரிடமே அனுப்புங்கள்.