பட்டப்பெயரும் ஆட்சியுரிமையும்

அரசகுலப் பெண்டிர்க்கு வழங்கிய பட்டங்கள் கேட்பதற்கு இனியவை. ஆனால் அவற்றின் பொருளை ஆராய்வோமாயின், ஆட்சியுரிமை யார் கையில் இருந்ததென்பது புலனாகும்.

‘கோப்பெருந்தேவி’ என்பவள் கோவினுடைய பெருந்தேவி. ‘செம்பியன் மாதேவி’ சோழனுடைய மாதேவி. ‘ராணி’ என்பதோ ‘ராஜன்’ என்னும் சொல்லின் பெண்பாலான ‘ராஜ்ஞீ’ என்பதன் திரிபு. ஆங்கிலக் ‘குயீன்’ ஆதியில் பெண், மனைவி என்றே பொருள்பட்டது. சிங்களத்துப் ‘பிசவ’ மட்டும் சற்று வேறுபட்டது. ‘அபிஷேகம்’ என்ற சொல்லினின்று பிறந்த அது, முழுக்காட்டப் பெற்றவளைக் குறிக்கும். ஆயினும் முழுக்குப் பெற்றவளெல்லாம் முடியாட்சி செய்தாளா?

பொலன்னறுவையில் முதலாம் பராக்கிரமபாகுவின் தேவி லீலாவதி 1197இல் அரியணை ஏறினாள். தம்புள்ளைக் குகையில் தன் பெருமையைக் கல்லில் பொறித்துச் சென்ற நிசங்கமல்லனின் தேவி கல்யாணவதி 1202 முதல் 1208 வரை ஆண்டாள். லீலாவதியின் காசிலே காணப்படும் பெயர் ‘ஸ்ரீ ராஜ லீலாவதி’ என்பதாகும். ஆட்சி செய்தவள் பெண். காசு தாங்கியதோ ஆண்பாற் பட்டம்! தேவியர்க்குப் பட்டங்கள் பல இருந்தும், ஆள்பவளுக்கென ஒரு சொல் அங்கே பயன்படவில்லை.

மாத்தளையை ஆண்ட விஜயபாலனின் தாய் குசுமாசனதேவியின் கதை இன்னும் கொடியது. கண்டி அரசுரிமை அவளுடையது. 1594இல் போர்த்துக்கேயர் அவளை அரசியாக்க அழைத்து வந்தனர். தந்துறைப் போரில் அவர்களை வென்ற விமலதர்மசூரியன் அவளை மணந்து தன் முடியை நிலைநாட்டினான். அவன் 1604இல் இறந்தபின் அரசேறிய செனரத்தும் அவளையே மணந்தான். உரிமை அவளிடம் இருந்தது; ஆட்சி அவளை மணந்தவரிடம் இருந்தது. நிலத்தோடு கைமாறும் உறுதிப்பத்திரம் போலன்றோ அவள் வாழ்வு அமைந்தது!

இன்றும் மாத்தளைத் தோட்டங்களிலே தாய்மார் தம் மகளை ‘ராசாத்தி’ என்று கொஞ்சி அழைக்கின்றனர். அன்பு தந்த பட்டம் அது. ஆனால் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அந்த ராசாத்திகளை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை கிட்ட 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பட்டத்தைப் பிறர் சூட்டலாம். உரிமையையோ மக்கள் போராடியே பெறவேண்டும். வரலாறு கற்பிக்கும் நாம், அரசியரின் பெயர்களை மனனம் செய்விப்பதோடு நில்லாது, அவர்தம் கையில் இருந்தது யாது என்ற வினாவையும் மாணவர் உள்ளத்தில் எழுப்புதல் வேண்டும்.