ஒரு சனிக்கிழமை, இரண்டு கோட்டைகள்

ஏப்ரல் பிறந்துவிட்டால் நம் குடியிருப்பு லிஃப்டில் பெரிய பெட்டிகள் ஏறி இறங்கத் தொடங்கிவிடும். ஒரு வீட்டில் அமெரிக்கா, எதிர் வீட்டில் லண்டன். பிள்ளைகளோடு இரண்டு மூன்று மாதம் இருக்கப் போகும் நம்மைப் போன்றவர்களின் நிலைமை உங்களுக்கே தெரியும். திங்கள் முதல் வெள்ளி வரை ஜன்னல்தான் துணை. சனிக்கிழமை மகனுக்கோ மகளுக்கோ ஒழிந்தால் ஊர் பார்க்கலாம், அதுவும் மழை இல்லாவிட்டால். அந்த ஒரு நாளில் எந்தக் கோட்டைக்குப் போகலாம் என்று இந்த வருடம் மட்டும் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்றபடி பாதி பதில் சொன்னதைவிட இங்கே முழுதாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். முதல் முறை போனபோது, "அப்பா, ஒரு நாள்தான் இருக்கு, லிஸ்ட் நீங்களே போடுங்க" என்றான் மகன். பட்டியல் போடச் சொன்னால் வங்கிக் குமாஸ்தா சும்மா இருப்பானா? லீட்ஸ் கோட்டை, போடியம், ஹீவர் என்று ஒரே நாளில் மூன்றைப் போட்டேன். மூன்றும் லண்டனுக்குத் தென்கிழக்கே, கென்ட், சஸெக்ஸ் பகுதிகளில் இருப்பவை. வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தால் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன. அன்று நாங்கள் நன்றாகப் பார்த்தது மூன்று கார் நிறுத்துமிடங்களையும் அவற்றின் கழிப்பறைகளையும்தான். ஹீவர் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது உள்ளே விடும் நேரம் முடிந்திருந்தது. எட்டாம் ஹென்றி இரண்டாவதாக மணந்து, பிறகு தலையை வெட்டவைத்த ஆன் போலின் சிறுமியாக வளர்ந்த வீடு அது. அதைப் பார்க்கத்தான் என் மனைவி வந்ததே. திரும்பும் வழியெல்லாம் அவள் என்னிடம் பேசவில்லை.

லீட்ஸ் கோட்டை பற்றி ஓர் எச்சரிக்கை. அது லீட்ஸ் நகரத்தில் இல்லை. லீட்ஸ் நகரம் வடக்கே யார்க்‌ஷயரில் இருக்கிறது. கோட்டை தெற்கே கென்ட்டில், மெய்ட்ஸ்டோன் பக்கத்தில். பெயரை நம்பி ரயில் டிக்கெட் எடுத்தால் கோட்டையை விட்டு எதிர்த் திசையில் பாதி இங்கிலாந்தைத் தாண்டிப் போய் இறங்குவீர்கள்.

போடியம் விஷயம் வேறு. நாட்காட்டிகளில் வரும் இங்கிலாந்துக் கோட்டைப் படங்களில் பாதி அதுதான் என்று சொல்லலாம். நாற்புறமும் அகன்ற அகழி, நடுவில் வட்டக் கோபுரங்கள், தண்ணீரில் தலைகீழாக இன்னொரு கோட்டை. 1385இல் சர் எட்வர்ட் டாலிங்ரிக் என்பவர், பிரெஞ்சுக்காரர்கள் கரையேறி வந்தால் தடுக்க வேண்டும் என்று அரசரிடம் அனுமதி வாங்கிக் கட்டினார். உண்மையில் அது சண்டைக்குக் கட்டியதா, அந்தஸ்துக்குக் கட்டியதா என்று வரலாற்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். நமக்கு அங்கே ஒரு பழைய கணக்கும் உண்டு. இடிந்து கிடந்த அந்தக் கோட்டையை முதல் உலகப் போர்க் காலத்தில் வாங்கிப் பழுது பார்த்தவர் கர்சன் பிரபு. 1905இல் வங்காளத்தைப் பிரித்த அதே வைஸ்ராய்தான். அதற்கு முந்திய வருடம் இந்தியாவில் பழஞ்சின்னங்களைக் காக்கும் சட்டம் கொண்டு வந்தவரும் அவரே. மனிதர்களை ஒரே தலைப்பில் வரவு வைக்க முடிவதில்லை. 1925இல் அவர் இறந்தபோது கோட்டையை நேஷனல் டிரஸ்டுக்கு எழுதி வைத்துவிட்டார்.

இவ்வளவும் நான் வீடு திரும்பிய பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அங்கே இருந்த முக்கால் மணி நேரத்தில் படம் எடுத்ததோடு சரி.

இரண்டாம் முறை போனபோது எனக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. இன்னொரு தடவை இங்கிலாந்து வாய்க்குமா என்ற எண்ணமும் கூடவே வந்தது. இந்த முறை பட்டியல் போடவில்லை. ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று புரிய வேண்டும், அப்படி இரண்டு போதும் என்று முடிவு செய்தேன். அப்படி அமைந்தவை ராச்செஸ்டரும் டோவரும். லண்டன் விக்டோரியா நிலையத்திலிருந்து போகும் ஒரே ரயில் தடத்தில் முதலில் ராச்செஸ்டர், கடைசியில் கடலோரமாக டோவர். இரண்டும் ஒரே போரின் இரண்டு அத்தியாயங்கள்.

1215 ஜூனில் ஜான் அரசர் மாக்னா கார்ட்டா சாசனத்துக்கு முத்திரை வைத்தார் என்று பள்ளியில் படித்திருப்போம். அதோடு கதை சுபமாக முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இரண்டே மாதத்தில் போப்பாண்டவர் அந்தச் சாசனம் செல்லாது என்று அறிவித்துவிட்டார். லண்டன் ஏற்கெனவே பிரபுக்கள் கையில் இருந்தது. ஜான் கென்ட் பக்கம் இருந்தார், வெளிநாட்டுக் கூலிப்படையை எதிர்பார்த்துக்கொண்டு. டோவரிலிருந்து லண்டனுக்கு வரும் சாலை மெட்வே ஆற்றைக் கடக்கும் இடத்தில் இருப்பது ராச்செஸ்டர். அந்தப் பாலத்தை யார் வைத்திருக்கிறார்களோ அவர்கள் கையில்தான் சாலை. அக்டோபரில் பிரபுக்களின் ஆட்கள் ராச்செஸ்டர் கோட்டைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஜான் வந்து முற்றுகையிட்டார்.

அந்தக் கோபுரத்தின் உயரம் 113 அடி. சுவர் சில இடங்களில் 12 அடி கனம். 1127இல் முதலாம் ஹென்றி அரசர் இந்தக் கோட்டையைக் கேன்டர்பரி பேராயரிடம் ஒப்படைத்த பிறகு எழும்பியது. கல்லெறி பொறிகளால் அதை அசைக்க முடியவில்லை. ஆகவே ஜானின் ஆட்கள் அடியில் சுரங்கம் தோண்டினார்கள். அஸ்திவாரத்தை மரத்தூண்களால் முட்டுக் கொடுத்துக்கொண்டே மண்ணை எடுத்துவிட்டு, கடைசியில் அந்தத் தூண்களைக் கொளுத்துவது முறை. தூண் எரிந்தால் மேலே இருக்கும் கோபுரம் தானே உட்காரும். நன்றாக எரியக் கொழுப்பு வேண்டுமே! நவம்பர் 25ஆம் தேதி ஜான் தன் தலைமை அதிகாரி ஹியூபர்ட் டி பர்க்குக்கு ஒரு கடிதம் அனுப்பினார். சாப்பிடுவதற்கு அவ்வளவு லாயக்கில்லாத, நல்ல கொழுத்த பன்றிகள் நாற்பதை இரவு பகல் பாராமல் அனுப்பி வை என்று.

என்னை அந்தக் கோட்டைக்கு இழுத்தது இந்தக் கடிதம்தான். போர்க்களத்தின் நடுவில்கூட, நல்ல பன்றியை வீணாக்காதே என்று ஒரு செலவுக் கட்டுப்பாடு. அந்த உத்தரவுக்கு ஓர் அலுவலக நகலும் இருந்து, எண்ணூறு வருடமாகப் பிழைத்திருக்கிறது. ஜான் எவ்வளவு கெட்ட அரசரோ, அவ்வளவு நல்ல ஆவணக்காரர். வெளியே போகும் கடிதங்களையெல்லாம் தோல் சுருள்களில் படியெடுத்து வைக்கும் வழக்கம் அவர் காலத்தில்தான் ஒழுங்குபட்டது.

தென்கிழக்கு மூலை சரிந்தது. உள்ளே இருந்தவர்கள் அப்போதும் பணியவில்லை. கோபுரத்தின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு குறுக்குச் சுவர் ஓடுகிறது. பாதி வீடு போன பிறகு அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று போராடினார்கள். குதிரைகளைத் தின்றார்கள். நவம்பர் 30ஆம் தேதி, ஏறக்குறைய ஏழு வாரத்துக்குப் பிறகு, பசிதான் அவர்களைப் பணியவைத்தது. எல்லோரையும் தூக்கிலிட ஜான் துடித்தார். இன்று நாம் தூக்கிலிட்டால் நாளை நம் ஆட்கள் பிடிபடும்போது அவர்களும் அதையே செய்வார்கள் என்று அவருடைய தளபதி ஒருவர் தடுத்ததாகச் சொல்கிறார்கள். கடைசியில் ஒரே ஒரு வில்லாளி தூக்கில் தொங்கினான். சிறுவயதிலிருந்தே ஜானிடம் வளர்ந்தவனாம் அவன்.

இப்போது அந்தக் கோபுரத்தை வெளியே சுற்றி வாருங்கள். மூன்று மூலைகள் சதுரம், ஒன்று மட்டும் வட்டம். விழுந்த மூலையை ஜானின் மகன் மூன்றாம் ஹென்றி காலத்தில் திரும்பக் கட்டியபோது வட்டமாகக் கட்டினார்கள். கூர்மையான மூலையைவிட வட்டத்தைப் பெயர்ப்பது கடினம் என்ற பாடம். பிளாஸ்திரி போட்ட காயம் போல அது அப்படியே தெரிகிறது. வழிகாட்டி வேண்டாம், பலகை வேண்டாம், கண் போதும்.

உள்ளே கூரையும் இல்லை, மாடித் தளங்களும் இல்லை. சுற்றுப்படி ஏறித்தான் மேலே போக வேண்டும். முழங்கால் பிரச்சினை உள்ளவர்கள் பாதியோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்தேன். என் மனைவி ஏறவே இல்லை. எதிரிலேயே இருக்கும் தேவாலயத்தில் உட்கார்ந்திருந்தாள். அது 604இல் நிறுவப்பட்ட ஆயர் பீடம், இங்கிலாந்திலேயே பழமையில் இரண்டாவது. பன்றிக் கதையை அவளிடம் சொன்னேன். "பாவம் அதுங்க என்ன பண்ணிச்சு?" என்றாள். இதற்கு எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் பதில் இல்லை.

ராச்செஸ்டருக்கு இரண்டு மணி நேரம் தாராளம். பதினொன்றரைக்குள் டோவர் ரயிலைப் பிடித்துவிடுங்கள், ஏனென்றால் டோவருக்கு அரை நாள் போதாது. நிலையத்திலிருந்து கோட்டை செங்குத்தான மேட்டில் இருக்கிறது. நடக்கலாம் என்று மருமகள் சொல்வாள், நம்பாதீர்கள். டாக்ஸி எடுங்கள்.

ராச்செஸ்டர் விழுந்த அடுத்த வருடம் பிரபுக்கள் பிரெஞ்சு இளவரசர் லூயியையே வரவழைத்துவிட்டார்கள். 1216 கோடையில் தென்கிழக்கு இங்கிலாந்தின் பெரும்பகுதி அவர் கையில். டோவரும் வின்ட்சரும் மட்டும் பணியவில்லை. டோவரைக் காத்தவர் யார் தெரியுமா? பன்றி அனுப்பச் சொல்லிக் கடிதம் பெற்ற அதே ஹியூபர்ட் டி பர்க். இப்போது சுரங்கம் தோண்டுபவர்கள் எதிரிகள். வடக்கு வாசலின் இரட்டைக் கோபுரங்களில் ஒன்றை அவர்கள் சரித்தும்விட்டார்கள். ஹியூபர்ட்டின் ஆட்கள் அந்த இடைவெளியை மரக்கட்டைகளால் அடைத்துச் சண்டை போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அக்டோபரில் ஜான் இறந்தார், போரின் போக்கே மாறியது. பிறகு அந்த வடக்கு வாசலை நிரந்தரமாக மூடிவிட்டு, மேற்கே கான்ஸ்டபிள் வாசல் என்ற பெரிய நுழைவாயிலைக் கட்டினார்கள். காலையில் ராச்செஸ்டரில் வட்ட மூலையைப் பார்த்தவர்களுக்கு, மூடிய இந்த வடக்கு வாசல் யாரும் சொல்லாமலே விளங்கும். அதற்காகத்தான் இந்த வரிசை.

டோவரின் நடுக்கோபுரத்தை ஜானின் தந்தை இரண்டாம் ஹென்றி 1180களில் கட்டினார். சுவர் சில இடங்களில் 21 அடி கனம். செலவு 6,000 பவுனுக்கு மேல். சில ஆண்டுகளுக்கு முன் அவர் சஃபோக்கில் கட்டிய ஆர்ஃபர்ட் கோட்டைக்கு 1,400 பவுனும் சில்லறையும்தான் ஆனது. அதோடு ஒப்பிட்டால் டோவர் எப்பேர்ப்பட்ட செலவு என்று புரியும். இந்தத் தொகை நமக்கு எப்படித் தெரிகிறது? பைப் ரோல் என்னும் அரசுக் கணக்குச் சுருள்கள் இருக்கின்றன. ஒவ்வொரு செப்டம்பர் 29ஆம் தேதியையும் வருட முடிவாக வைத்து, மாவட்ட ஷெரீஃப்கள் வந்து கணக்கு ஒப்படைக்க வேண்டும். நமக்கு மார்ச் 31 மாதிரி. சதுரங்கப் பலகை போல் கட்டம் போட்ட துணியில் காய்களை நகர்த்திக் கூட்டிக் கழித்தார்கள். அந்தக் கட்டத் துணியால்தான் கஜானாவுக்கு எக்ஸ்செக்கர் என்று பெயர். நாம் எழுதும் 'செக்' என்ற சொல்லின் இங்கிலாந்து எழுத்துக்கூட்டிலும் அதன் சாயல் உண்டு. பணம் கட்டியதற்கு ரசீது ஒரு மரக்குச்சி. வெட்டுக்குறி போட்டு நீளவாக்கில் பிளந்து ஆளுக்குப் பாதி; பின்னால் சேர்த்துப் பார்த்தால் பொருந்த வேண்டும். நம் சலானின் அடிக்கட்டைதான். 1834இல் இப்படிப்பட்ட பழைய குச்சிகளை அடுப்பில் போட்டு எரிக்கப்போய் லண்டன் நாடாளுமன்றக் கட்டடமே எரிந்துபோனது. பழைய ரெக்கார்டுகளை அழிப்பதில் நாங்கள் ஏன் அத்தனை கையெழுத்து கேட்டோம் என்று இப்போதாவது புரிகிறதா?

நடுக்கோபுரத்துக்குள் இரண்டாம் ஹென்றி காலத்து அறைகளை மறுபடி அமைத்து வைத்திருக்கிறார்கள். சிவப்பும் நீலமும் பச்சையுமாகக் கண்ணைப் பறிக்கும். பழைய கோட்டை என்றால் சாம்பல் நிறம் என்று நினைத்திருந்த எனக்கு அதிர்ச்சி. என் மனைவி சொன்னாள், "ஏங்க, நம்ம கொலுப்படி மாதிரி இருக்கே!" ஹீவர் போனதற்கு அன்றுதான் பாதி மன்னிப்புக் கிடைத்தது.

நேரம் இருந்தால், இல்லை, நேரம் ஒதுக்கி, மலைக்குள் குடைந்த சுரங்கங்களையும் பாருங்கள். 1940இல் டன்கர்க் கடற்கரையில் சிக்கிய படைகளை மீட்கும் வேலையை அட்மிரல் ராம்சே இங்கிருந்துதான் நடத்தினார். ஒன்பது பத்து நாளில் 3,38,000 பேருக்கு மேல் கடல் தாண்டி வந்தார்கள். பக்கத்தில் ரோமானியர் கட்டிய கலங்கரை விளக்கம் ஒன்றும் நிற்கிறது. நாங்கள் அங்கே போனபோது வெளிச்சம் குறைந்துவிட்டது, தொட்டுப் பார்த்துவிட்டு வந்தோம்.

சில நடைமுறைக் குறிப்புகள். டோவர் இங்கிலிஷ் ஹெரிடேஜ் வசம், போடியம் நேஷனல் டிரஸ்ட் வசம். ஒன்றின் உறுப்பினர் அட்டை மற்றதற்குச் செல்லாது. பருவத்துக்குத் தகுந்தபடி திறக்கும் நேரம் மாறும், முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். டோவரில் மே மாதத்திலும் காற்று அடிக்கும், குல்லாய் அவசியம். தயிர் சாதத்தைக் கோட்டைப் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டோம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

லண்டன் கோபுரத்தை இதில் சேர்க்காதீர்கள். அது ஊருக்குள்ளேயே இருக்கிறது, ஒரு வார நாளில் நீங்களே போய் வரலாம். தோட்டமும் பூவும் வேண்டும் என்பவர்கள் ஹீவருக்குப் போங்கள், அதை மட்டும் வைத்துக்கொண்டு, காலையிலேயே. அடுத்த முறை வாய்த்தால் நாங்களும் அங்கேதான். என் மனைவி இப்போதே சொல்லி வைத்துவிட்டாள், லிஸ்ட் அவள்தான் போடுவாளாம்.