என் வாசல், ஊர்க் கல்: ஒரு நடைபாதை விளிம்பின் கதை

இன்னைக்கு எபிசோடு ஒரு கல்லைப் பற்றியது. சிலை இல்லை, கல்வெட்டும் இல்லை. பிளாட்பாரத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஓரமாகப் படுத்திருக்குமே, கெர்ப் கல், அதுதான்.

லண்டன்ல படிச்ச ரெண்டு வருஷமும் நகரத்தோட கிழக்குப் பக்கம் ஒரு வீட்டு மாடி அறையில வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளின் கடைசியில் அங்கே போய்ச் சேர்ந்தவர். நான் அவரை அங்கிள்னுதான் கூப்பிடுவேன். வீடு 1900-ஐ ஒட்டிக் கட்டின வரிசை வீடு. நம்ம ஊர் அக்ரஹாரம் மாதிரி, ரெண்டு வீட்டுக்கு ஒரே சுவர். முன்னாடி ஒரு சின்ன முற்றம், குட்டிச் சுவர், அதைத் தாண்டினா பிளாட்பாரம்.

ஆன்ட்டிக்கு ரெண்டு முழங்கால்லயும் மூட்டு வாதம். ஆபரேஷன் பண்ணியும் பெரிசா சரியாகல. காரை இடம் கிடைக்கிற இடத்துல நிறுத்தணும். சில ராத்திரி மூணு தெரு தள்ளிதான் கிடைக்கும். மழையில அவங்க அந்த மூணு தெருவை நடந்து வர்றதை நான் மாடி ஜன்னல்லேர்ந்து பார்த்திருக்கேன். ஒவ்வொரு வீட்டுச் சுவரையும் பிடிச்சு நின்னு நின்னு வருவாங்க.

அங்கிள் ஒரு முடிவுக்கு வந்தார். குட்டிச் சுவரை உடைச்சு, முற்றத்துல கல் பதிச்சு, காரை உள்ளேயே நிறுத்திடலாம். சுவர் அவரோடது, முற்றம் அவரோடது, காரும் அவரோடது. நடுவுல இருந்த அந்தக் கெர்ப் கல் மட்டும் அவரோடது இல்லை. அதைத் தாழ்த்த கவுன்சிலுக்கு விண்ணப்பிக்கணும், கட்டணம் கட்டணும், அவங்க வந்து அளப்பாங்க, ஒத்துக்கிட்டா அவங்க ஆளை வெச்சே செய்வாங்க.

"என்ர வாசல் கல்லை இறக்க நான் இன்னொருத்தனிட்டக் கேக்க வேணுமே, தம்பி?"

அங்கிள் கோபத்துல கேட்டதுதான். ஆனா அது ரொம்பப் பழைய கேள்வி. அவர் 1750-ல் லண்டன்ல இருந்திருந்தா யாரையும் கேட்டிருக்க வேண்டாம். அப்போ அவரவர் வாசல் முன்னாடி இருக்கும் தெருவுக்கு அவரவரே கல் பாவ வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. விளைவு எப்படி இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கலாம். பணக்காரர் வாசல்ல நல்ல கல், பக்கத்து வாசல்ல உருளைக்கல், அதுக்கடுத்த வாசல்ல சேறு. சாக்கடை தெரு நடுவுல ஓடும். நடக்கறவங்களுக்கும் வண்டிக்கும் நடுவுல, இருக்கிற இடத்துல, சில மரத் தூண்கள் மட்டும். சுவரை ஒட்டி நடக்கற உரிமை யாருக்குன்னு சண்டையே நடக்கும், ஏன்னா சுவரோரம்தான் சேறு தெறிக்காத இடம். ஜான் கே என்கிற கவிஞர் 1716-ல், லண்டன் தெருவில் நடப்பது எப்படி என்றே ஒரு நெடுங்கவிதை எழுதினார். அந்த அளவுக்கு அது ஒரு வித்தை.

1762-ல் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதிக்கு ஒரு நடைபாதைச் சட்டம் வந்தது. வாசல் வாசலாக இருந்த பொறுப்பைச் சட்டம் பிடுங்கி, ஆணையர்கள் கையில் கொடுத்தது. சாக்கடையை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினார்கள். வண்டி ஓடும் பாதைக்கு ஸ்காட்லாந்து கிரானைட், நடப்பவர்களுக்கு பர்பெக் சுண்ணாம்புக் கல், அதையும் ஒரு படி உயர்த்தி, ஓரத்தில் கெர்ப். சில வருஷத்துல சிட்டி பகுதியும் அதே வழிக்கு வந்தது. உயர்த்தின நடைபாதையை இவங்க கண்டுபிடிச்சாங்கன்னு சொல்லல, பாம்பேயிலேயே அது உண்டு. புதுசு என்னன்னா, வாசலுக்கு முன்னாடி இருக்கும் கல் இனிமேல் வாசல்காரரோடது இல்லை என்பது. நீ பணம் கட்டு, நாங்க போடறோம். அங்கிளோட கேள்விக்கு அன்னைக்கே பதில் எழுதியாச்சு.

இங்கே ஒரு சந்தேகம் வரணும். அப்பவும் வண்டி இருந்ததே? குதிரை வண்டியை வீட்டுக்குள்ள கொண்டுபோக யாரும் கெர்பை வெட்டலையா?

பெரும்பாலும் தேவைப்படலை. பணக்கார வீடுகளுக்குப் பின்னாடி 'மியூஸ்'னு ஒரு சந்து இருக்கும். குதிரை, கோச் வண்டி, வண்டிக்காரர் குடும்பம் எல்லாம் அங்கே. வண்டி முன்வாசலுக்கு வந்து கெர்ப் ஓரமா நிற்கும், சீமாட்டி ஏறுவாங்க, போயிடும். தங்கறதுக்கு லாயம் பின்னாடி. அங்கிள் வீடு மாதிரி உழைக்கிறவங்களுக்காகக் கட்டின வரிசை வீடுகள்ல வண்டியே கிடையாது. ட்ராமும் ரயிலும்தான். அதனால அந்தத் தெருக்களோட கெர்ப் ஒரு வெட்டும் இல்லாம முழு நீளத்துக்கும் ஓடும். 1835 நெடுஞ்சாலைச் சட்டத்தின் 72-வது பிரிவு நடைபாதை மேல் குதிரை, கழுதை, பன்றி, வண்டி எதையும் ஓட்டக் கூடாதுன்னு சொல்லுது. இன்னைக்கும் அமல்ல இருக்கு. பிளாட்பாரம் மேல வண்டி ஓட்டறவங்களை இங்கிலாந்துல இன்னும் பன்றி காலத்துச் சட்டத்துலதான் பிடிக்கறாங்கன்னு நினைச்சா எனக்கு ஒரு சந்தோஷம்.

கார் வந்ததும் கதை மாறியது. காருக்கு லாயம் இல்லை. லாயம் வேணும்னா முன்முற்றம்தான். முன்முற்றத்துக்குப் போகணும்னா நடைபாதையைக் குறுக்கே கடக்கணும்.

1930-களில் இந்தச் சண்டை பிரபுக்கள் சபை வரைக்கும் போயிருக்கு. பிளாக்பூல் என்ற கடற்கரை ஊரில் மார்ஷல் என்பவர் தன் இடத்திலிருந்து நடைபாதையைக் கடந்து வண்டி வழி கேட்ட வழக்கு. அதில் லார்ட் அட்கின் சொன்ன கோட்பாடு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. சாலையை ஒட்டி நிலம் வைத்திருப்பவருக்கு, தன் நிலத்தின் எந்த இடத்திலிருந்தும் சாலைக்கு இறங்க உரிமை உண்டு. ஆனால் பொதுமக்கள் கடந்துபோகும் உரிமையோடு அது ஒத்துப்போக வேண்டும். கேட்க அங்கிளுக்குச் சாதகமா இருக்குல்ல? இதைவிட வேடிக்கை ஒண்ணு இருக்கு. ஆங்கிலச் சட்டத்தின் பழைய ஊகப்படி, வேற ஆதாரம் இல்லாத வரைக்கும், சாலையோரத்து வீட்டுக்காரருக்கு ரோட்டின் பாதி வரைக்கும் அடிமண் சொந்தம். மேல்பரப்பு மட்டும் சாலை நிர்வாகத்தோடது. ஆக அந்தக் கெர்ப் கல்லுக்குக் கீழே இருக்கும் களிமண் அங்கிளோடதா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. கல் கவுன்சிலோடது.

நீதிமன்றம் உரிமைன்னு பேசிக்கிட்டிருந்த அதே காலத்துல நாடாளுமன்றம் எதிர்ப்பக்கம் போனது. புதுச் சாலைகளோட ரெண்டு பக்கமும் வீடு வீடா நீண்டு, வீட்டுக்கு ஒரு வழி திறந்து, வேகமா ஓடற கார் முன்னாடி இன்னொரு கார் பின்பக்கமா இறங்கறதைப் பார்த்துப் பயந்து, 1935-ல் நாடா மாதிரி நீளும் குடியிருப்புகளைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் கொண்டுவந்தாங்க. முக்கியச் சாலைகள்ல புது வழி திறக்க அனுமதி தேவைன்னு ஆச்சு. இன்னைக்கும் ஏ, பி மாதிரி வகைப்படுத்தின சாலையில வீடு இருந்தா, கெர்புக்கு ஒரு அனுமதி, திட்ட அனுமதி தனியா ஒண்ணு. கெர்புக்கான விதி இப்போ 1980 நெடுஞ்சாலைச் சட்டத்தின் 184-வது பிரிவில் இருக்கு. வீட்டுக்காரர் கேட்கலாம், நிர்வாகம் மறுக்கலாம், செலவு வீட்டுக்காரருடையது. கேட்காமலே தினமும் கெர்ப் ஏறி இறங்கினாலும், நோட்டீஸ் கொடுத்து, வழியைக் கட்டி, பில்லை உங்களுக்கே அனுப்பலாம்.

செலவு எவ்வளவு? கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். ஆயிரம் பவுண்டுல முடிஞ்சவங்களும் உண்டு, மூவாயிரம் தாண்டினவங்களும் உண்டு. ஒரு கல்லை இறக்க இவ்வளவான்னு நானும் கேட்டேன். வேலை கல்லோட நிக்கறதில்லை. நடைபாதை மனுஷ எடைக்குப் போட்டது, கார் ஏறினா உடையும். அதனால தோண்டி, அடியில் கனமான படுகை போடணும். கீழே தண்ணி, கேஸ், டெலிபோன் குழாய்கள் இருக்கும். விளக்குக் கம்பமோ மரமோ குறுக்கே நின்னா கதையே வேற. கெர்ப் கல்லின் நீளம் இன்னும் 915 மில்லிமீட்டர், அதாவது பழைய மூணு அடி. ரெண்டு ஓரத்திலும் சரிவுக் கல், நடுவில் தாழ்ந்த கற்கள். முழுசா ரோட்டு மட்டத்துக்கு இறக்க மாட்டாங்க. சுமார் 25 மில்லிமீட்டர் விளிம்பு விடுவாங்க. மழைத்தண்ணி வீட்டுக்குள்ள வராது. பார்வையற்றவர் கைத்தடியும் அந்த விளிம்பைக் கண்டுபிடிக்கும்.

இவ்வளவு காசு கட்டியும் அந்த இறக்கம் உங்களுக்குச் சொந்தம் ஆகாது. அது பொது நடைபாதைதான். ஆனா அதுக்கு முன்னாடி ரோட்டுல வேற யாரும் நிறுத்த முடியாது. 2004 சட்டப்படி, வீட்டுக்காரர் புகார் சொன்னா அபராதம் போடலாம். இந்த இடத்துலதான் எனக்கு அங்கிள் மேல இருந்த அனுதாபம் கொஞ்சம் ஆடிப்போச்சு. அவர் காருக்கு முற்றத்துல இடம் கிடைக்கும், சரி. தெருவுல ஒரு கார் இடம் குறையும். கணக்கு நேராகிற மாதிரி தெரியும். ஆனா அவர் வேலைக்குப் போன பிறகும் அந்த ரோட்டு இடம் காலியாவே கிடக்கும், வேற யாருக்கும் இல்லை. பத்திரம் இல்லாம ஒரு துண்டுப் பொது ரோடு ஒரு வீட்டுக்குப் போயிடுது. அதோட நடைபாதை வீட்டுக்கு வீடு சரிஞ்சு எழுந்தா, அதுல சக்கர நாற்காலி தள்ளிப் பாருங்க. சென்னையில இதுக்கு அனுமதின்னு யாரும் நினைக்கிறதே இல்லை. கேட்லேர்ந்து பிளாட்பாரத்து மேல சிமென்ட் சாய்தளத்தை ரோடு வரைக்கும் நீட்டிடறோம், தாத்தா பாட்டி எல்லாம் ரோட்டுல இறங்கி நடக்கறாங்க.

முற்றத்துக்கும் விதி உண்டு. 2007 கோடை வெள்ளத்துக்கு அப்புறம், 2008 அக்டோபர்லேர்ந்து இங்கிலாந்துல முன்முற்றத்தில் 5 சதுர மீட்டருக்கு மேல் தண்ணீர் இறங்காத தளம் போட்டு, அந்தத் தண்ணியை ரோட்டுக்கு விட்டா திட்ட அனுமதி வேணும். அங்கிள் அதுக்குத் தயாரா இருந்தார். இடைவெளி விட்டுப் பதிக்கும் கல் கூடப் பார்த்து வெச்சிருந்தார்.

கவுன்சில் ஆள் டேப்போட வந்தார். கார் நடைபாதைக்கு வெளியே துருத்தக் கூடாது, அதனால முற்றத்தின் ஆழம் குறைஞ்சது 4.8 மீட்டர். சுவர்லேர்ந்து வாசல் வரைக்கும் அளந்தா இருக்கு. ஆனா அந்தக் காலத்து வீடுகள்ல முன் ஜன்னல் தொப்பை மாதிரி வெளியே வந்திருக்கும். அவர் ஜன்னல்லேர்ந்து அளந்தார். 4.5. ரெண்டு வாரத்துல மறுப்புக் கடிதம். விண்ணப்பக் கட்டணம் திரும்ப வராது.

"என்ர கார் சின்னக் கார் தம்பி. பாரும், நாலு மீட்டரும் இல்லை." உண்மைதான். ஆனா விதி அவர் காரைப் பார்க்கறதில்லை, அவருக்கப்புறம் அந்த வீட்டுக்கு வரப்போறவர் காரைப் பார்க்குது. நான் இதை அவர்கிட்ட சொல்லலை. ஆன்ட்டி பக்கத்துல உட்கார்ந்து காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கிட்டிருந்தாங்க.

வேற வழி ஒண்ணு இருந்தது. 1970-ல் மாற்றுத்திறனாளிகளுக்காக வந்த ஒரு சட்டத்தின் கீழ் அடுத்த வருஷம் கார் பேட்ஜ் திட்டம் தொடங்கினது. அப்போ ஆரஞ்சு, இப்போ நீலம். ஆன்ட்டி பேரில் நீல பேட்ஜ் வாங்கி, வாசல் முன்னாடி ரோட்டிலேயே ஒரு சிறப்பு இடம் கேட்டோம். படிவங்களை நான்தான் நிரப்பினேன். மாசக்கணக்கா ஆச்சு. நான் ஊர் திரும்பறதுக்கு மூணு வாரம் முன்னாடி வெள்ளைக் கோடு போட்டாங்க. கெர்ப் அப்படியே உயரமா இருந்தது. ஆன்ட்டி காரிலிருந்து இறங்கி அங்கிள் தோளைப் பிடிச்சு அந்த ஒரு படியை ஏறினாங்க.

அந்த இடமும் அவங்களோடது இல்லை. நீல பேட்ஜ் இருக்கற யாரும் நிறுத்தலாம். போன மாசம் போன்ல பேசினப்போ அங்கிள் சொன்னார், எதிர் வீட்டுக்குப் புதுசா வந்தவர்கிட்டயும் பேட்ஜ் இருக்காம், வாரத்துல நாலு நாள் அவர் கார்தான் அங்கே நிக்குதாம்.

"அவருக்கும் கால் ஏலாது தம்பி. நான் என்னெண்டு சொல்லுறது?"

சரி மக்களே, அடுத்த வாரம் பார்க்கலாம்.